‘உள்ளேன் ஐயா’ – நெட்வொர்க் கண்காணிப்பில் கேட்பதும் சொல்வதும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"பழைய கதை போதும், பசங்களுக்கு உபயோகமா ஏதாவது தொழில் விஷயம் பேசுங்க" என்று சங்கச் செயலாளர் அன்புக் கட்டளை இட்டுவிட்டார். எனவே நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள்கள் எப்படி ஒரு பெரிய வலைப்பின்னலைக் கண்காணிக்கின்றன, அந்த முறைகளில் எது எங்கே பொருந்தும் என்பதைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் பயப்பட வேண்டாம். உங்களுக்கும் புரியும்படிதான் சொல்லப் போகிறேன்.

வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் எண்ணைக் கூப்பிடுகிறார். "உள்ளேன் ஐயா" என்று பதில் வந்தால் பிரசென்ட், வராவிட்டால் ஆப்சென்ட். நெட்வொர்க் கண்காணிப்பின் அடிப்படையும் இதுதான். மையத்தில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் ஒவ்வொரு ரவுட்டரையும் ஸ்விட்ச்சையும் சர்வரையும் முறை வைத்துக் கூப்பிட்டு, "இருக்கிறாயா, எப்படி இருக்கிறாய்?" என்று கேட்கும். இதற்குப் போலிங் என்று பெயர்.

பதில் வந்துவிட்டால் ஒரு சிக்கலும் இல்லை. பதில் வராதபோது அதற்கு என்ன அர்த்தம் என்பதில்தான் இந்தத் தொழிலின் பாதிக் கஷ்டம் இருக்கிறது. மாணவன் வரவே இல்லையா? வந்தும் காதில் விழவில்லையா? பதில் சொல்லியும் ஆசிரியருக்குக் கேட்கவில்லையா? இன்று நான் ஒப்பிடப் போகும் எல்லா முறைகளையும் இந்த ஒரே உரைகல்லில்தான் உரசிப் பார்க்கப் போகிறேன். மௌனத்தை அந்த முறை எப்படிப் புரிந்துகொள்கிறது?

மையத்திலிருந்து கேட்பது

1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சிறிய புரோகிராம் ‘பிங்’. ஒரு சாதனம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்பதற்கு இன்றைக்கும் அதுதான் முதல் கருவி. ஆனால் ‘இருக்கிறாயா’ என்று மட்டும் கேட்டால் போதாது. எத்தனை பைட் போயிற்று, எத்தனை பாக்கெட் பழுதானது என்றெல்லாம் கேட்க ஒரு பொதுவான மொழி வேண்டும். அப்படி 1988-ல் வந்ததுதான் எஸ்.என்.எம்.பி. 1990-ல் ஆர்.எஃப்.சி. 1157 என்ற ஆவணமாக அது நிலைபெற்றது. யு.டி.பி. 161-ஆம் போர்ட்டில் கேள்வி போகும். அந்த வழியாகவே பதில் வரும்.

தொண்ணூறுகளில் ஓப்பன்வியூ, சன்நெட் மேனேஜர் போன்றவற்றை நம்மில் சிலர் பெரிய திரையில் பார்த்திருப்போம். 1995-ல் டோபி ஓட்டிக்கர் எழுதிய எம்.ஆர்.டி.ஜி. வந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரவுட்டரைக் கேட்டு, படம் வரைந்து காட்டியது. இலவசமாகக் கிடைத்ததால் உலகமெங்கும் பரவியது.

இந்த மைய முறை சிறிய இடத்துக்கு அருமையானது. ஒரே கம்ப்யூட்டர், ஒரே பட்டியல், ஒரே இடத்தில் விடை. பெரிய இடத்தில் என்ன ஆகும்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2000 சாதனங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறோம். ஒவ்வொன்றும் பதில் சொல்ல 50 மில்லிசெகண்ட். மொத்தம் 100 விநாடி. ஐந்து நிமிடச் சுற்றில் தாராளமாக முடிந்துவிடும். இப்போது ஒரு முக்கிய லைன் அறுந்து 200 சாதனங்கள் பதில் சொல்லவில்லை. பதில் வராத ஒவ்வொன்றுக்கும் 2 விநாடி காத்திருந்து, மூன்று தடவை கேட்டுப் பார்க்கும் என்றால் தலைக்கு 6 விநாடி. 200 சாதனத்துக்கு 1200 விநாடி, அதாவது இருபது நிமிடம்! ஐந்து நிமிடச் சுற்று என்னாவது? எப்போது நமக்கு அவசரமாகத் தகவல் தேவையோ, சரியாக அப்போதுதான் இந்த மென்பொருள் ஆமையாகிவிடும். அதனால்தான் இன்றைய மென்பொருள்கள் எல்லாம் பல சாதனங்களை ஒரே நேரத்தில் கேட்கின்றன. விலை விசாரிக்கும்போது விற்பவரிடம் "எத்தனை சாதனம் தாங்கும்?" என்று கேட்காதீர்கள். "பத்தில் ஒன்று செத்துப்போனால் உங்கள் சுற்று எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேளுங்கள்.

இரண்டாவது சிக்கல், தூரம். கிளை அலுவலகம் ஒன்று வீசாட் மூலம் இணைந்திருக்கிறது. பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள் வழியாகக் கேள்வி போய்ப் பதில் வர ஏறத்தாழ 600 மில்லிசெகண்ட் ஆகும். அங்கே 48 போர்ட் ஸ்விட்ச் ஒன்று. போர்ட்டுக்குப் பத்து விவரம், மொத்தம் 480. ஒவ்வொன்றாகக் கேட்டால் 288 விநாடி, கிட்டத்தட்ட ஐந்து நிமிடமும் அந்த ஒரு ஸ்விட்ச்சுக்கே சரியாகப் போச்சு. 1993-ல் எஸ்.என்.எம்.பி.யின் இரண்டாம் பதிப்பு கொண்டுவந்த ‘கெட்பல்க்’ இதற்கு ஒரு மருந்து. ஒரு கேள்விக்கு இருபது விவரமாக வாங்கினால் 24 கேள்வி போதும். 15 விநாடிக்குள் வேலை முடியும். ஆனால் கேட்பவரே அந்தக் கிளையில் உட்கார்ந்திருந்தால்? ஒவ்வொன்றாகக் கேட்டாலும் அரை விநாடிதான் ஆகும். பரவலாக்கப்பட்ட போலிங் என்ற யோசனை இங்கேதான் பிறக்கிறது. அதற்கு முன் இன்னொரு வழியையும் பார்த்துவிடுவோம்.

சாதனமே சொல்வது

"ஏன் சார் நாம கேட்டுக்கிட்டே இருக்கணும்? பிரச்சினை வந்தா அதுவே சொல்லட்டுமே" என்று மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. எஸ்.என்.எம்.பி.யில் அதற்கு ‘டிராப்’ என்று பெயர். 162-ஆம் போர்ட்டுக்கு வரும். லைன் அறுந்த அடுத்த விநாடியே தகவல் வந்துவிடும். ஐந்து நிமிடம் காத்திருக்கத் தேவையில்லை.

குறை என்ன? டிராப் என்பது பதிவுத் தபால் அல்ல, சாதாரணத் தபால். போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. எந்த லைன் அறுந்தது என்று சொல்ல வேண்டுமோ, அந்த லைன் வழியாகத்தான் தகவலும் வர வேண்டும் என்றால் எப்படி வரும்? கரண்ட் போன ரவுட்டர் எப்படி "நான் போய்விட்டேன்" என்று சொல்லும்? ஒப்புதல் கேட்டு வாங்கும் ‘இன்ஃபார்ம்’ என்ற வகை பின்னால் வந்தது. ஆனாலும் அடிப்படைச் சிக்கல் தீரவில்லை. இந்த முறையில் மௌனத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ‘எல்லாம் நலம்’ என்பது ஒன்று. ‘சொல்லக்கூட ஆள் இல்லை’ என்பது மற்றொன்று. இரண்டும் திரையில் ஒரே பச்சை நிறம்தான்!

இதற்கு நடுவழி ஒன்றும் உண்டு. 1991-ல் வந்த ‘ஆர்மான்’ என்ற ஏற்பாட்டில், கிளையில் உள்ள கருவியே அளந்து பார்த்து, குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் மட்டும் சொல்லும். இதில் ஓர் அழகான நுணுக்கம் இருக்கிறது. ஏறும் வரம்பு தனி, இறங்கும் வரம்பு தனி. 80 சதவீதத்தைத் தாண்டியதும் ஒருமுறை சொல்லும். 60-க்குக் கீழே இறங்கி மீண்டும் ஏறினால்தான் மறுபடி சொல்லும். 79-க்கும் 81-க்கும் நடுவே ஊசலாடும் லைனுக்காக இரவெல்லாம் மணி அடிக்காது. இன்றைய மென்பொருள்களிலும் இந்த வசதி இருக்கிறது; ஆனால் பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை.

ஆள் வைத்துக் கேட்பது

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பில் ஆயிரம் பேர் இருந்தால் ஆசிரியர் ஒருவரே வருகை எடுக்க முடியாது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு லீடர் வைப்பார். இதைத்தான் பரவலாக்கப்பட்ட போலிங் என்கிறோம். ஆனால் இந்த ஒரே பெயருக்குள் இரண்டு வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன. குழப்பமே இங்கேதான்.

ஒன்று, வேலையைப் பங்கு போடுவது. லிப்ரிஎன்எம்எஸ் மென்பொருளில் பல போலர்களை வைக்கலாம், எல்லாம் ஒரே மைய டேட்டாபேஸைப் பார்த்து "அடுத்து யாரைக் கேட்கணும்?" என்று வேலையை எடுத்துக்கொள்ளும். சுமை குறையும். ஆனால் மையத்தோடு தொடர்பு போனால் போலருக்கு வேலையே இல்லை. ஓப்பன்என்எம்எஸ் மென்பொருளின் ‘மினியன்’ கிளையில் உட்கார்ந்திருந்தாலும், பிங், எஸ்.என்.எம்.பி. போன்றவற்றில் என்ன கேட்க வேண்டும் என்ற உத்தரவு மையத்திலிருந்துதான் வரும். ஃபயர்வாலுக்கு உள்ளே நுழைந்து கேட்டுச் சொல்லும் தூதுவர் அவர்.

இரண்டு, பொறுப்பையே பங்கு போடுவது. லாட்வியாவில் அலெக்ஸி விளாடிஷெவ் உருவாக்கி, 2001-ல் வெளிவந்த ஜாபிக்ஸில் ‘ப்ராக்ஸி’ என்று ஒன்று உண்டு. (மாணவர்கள் சிரிக்கிறீர்கள்; நீங்கள் கொடுக்கும் ப்ராக்ஸி வேறு, அதற்கும் வருகிறேன்.) அந்த ப்ராக்ஸி யாரைக் கேட்க வேண்டும் என்ற பட்டியலைக் கையில் வைத்திருக்கும். மையத்தோடு லைன் அறுந்தாலும் கேட்டுக்கொண்டே இருக்கும். விடைகளைத் தன்னிடம் சேர்த்து வைத்து, லைன் வந்ததும் ஒப்படைக்கும். எவ்வளவு நேரத்துக்குச் சேர்த்து வைக்கும்? நாம் மாற்றாவிட்டால் ஒரு மணி நேரம்தான். எட்டு மணி நேரம் லைன் அறுந்து கிடக்கக்கூடிய ஊரில் இதைக் கவனிக்காமல் விட்டால், ஏழு மணி நேரக் கணக்கு காணாமல் போய்விடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த ப்ராக்ஸி விவரம் சேகரிக்கும்; அபாயமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது மையம்தான். எனவே லைன் அறுந்த நேரத்தில் கிளையில் ஒரு சர்வர் சூடேறி எரிந்தாலும், பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூட எச்சரிக்கை போகாது. ஈதன் கால்ஸ்டாட் எழுதிய நாகியோஸில் வேறு ஏற்பாடு செய்யலாம். ஒவ்வொரு ஊரிலும் முழு நாகியோஸையே நிறுவி, அங்கேயே தீர்ப்பும் சொல்லி, முடிவை மட்டும் மையத்துக்கு அனுப்பலாம். 2012-ல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கிய புரோமிதியஸும் இப்படித்தான் பயன்படுகிறது. ஊருக்கொரு புரோமிதியஸ், விதிகள் அங்கேயே, சுருக்கம் மட்டும் மையத்துக்கு. இதிலும் ஒரு விலை உண்டு. ஐம்பது ஊர் என்றால் ஐம்பது இடத்தில் விதிகளைப் பராமரிக்கணும். ஓர் ஊரில் பழைய விதி தங்கிவிட்டால் யாருக்கும் தெரியாது.

சரி, மாணவர்களின் ப்ராக்ஸிக்கு வருகிறேன். வராத நண்பனுக்காகப் பக்கத்தில் இருப்பவன் "உள்ளேன் ஐயா" சொல்வது இயந்திர உலகிலும் உண்டு. பிங் கேட்டால் சர்வரின் நெட்வொர்க் பகுதி பதில் சொல்லிவிடும். உள்ளே வங்கிக் கணக்கைக் காட்ட வேண்டிய புரோகிராம் செத்துக் கிடக்கும். அதனால் சாதனத்தைக் கேட்பதோடு நிற்காமல், வாடிக்கையாளர் செய்யும் காரியத்தையே ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். பெயரைக் கூப்பிட்டால் மட்டும் போதாது, முகத்தையும் பார்க்கணும்.

ஐந்து நிமிடச் சராசரியும் இப்படித்தான் ஏமாற்றும். ஒரு லைன் 30 விநாடி முழுவதும் நிரம்பி வழிந்து, மீதி 270 விநாடி சும்மா இருந்தால், படத்தில் 10 சதவீதம் என்று சாதுவாகத் தெரியும். அந்த 30 விநாடியில் போன் பேசியவருக்குத்தான் வேதனை தெரியும். இன்னொரு பழைய சிக்கல்: 32 பிட் எண்ணி, 4,294,967,295 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். பத்து மெகாபிட் லைனில் அதற்கு 57 நிமிடம் ஆனது. ஒரு கிகாபிட் லைன் முழு வேகத்தில் ஓடினால் 34 விநாடியிலேயே சுற்றிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பவருக்கு எத்தனை சுற்று போச்சு என்றே தெரியாது. 64 பிட் எண்ணிகளைத்தான் கேட்க வேண்டும்.

கண்காணிப்பும் சேர்ந்து போனால்?

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்துவிடாதீர்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகமெங்கும் நின்றன. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, அவர்களது டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டது. அதன் பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். அவர்களது டி.என்.எஸ். சர்வர்களில் ஓர் ஏற்பாடு இருந்தது. டேட்டா சென்டரோடு பேச முடியாவிட்டால், ‘என் பக்கம்தான் கோளாறு’ என்று முடிவு செய்து, தன் முகவரியை இணையத்திலிருந்து தானே விலக்கிக்கொள்ள வேண்டும். ஒரு சர்வருக்கு இது மிகச் சரியான விதி. ஆனால் அன்று எல்லா இடத்திலும் மௌனம். எல்லாச் சர்வர்களும் ஒரே நேரத்தில் ‘என் பக்கம்தான் கோளாறு’ என்று முடிவு செய்து விலகிக்கொண்டன! சரிசெய்ய வேண்டிய கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால், பொறியாளர்கள் நேரில் போக வேண்டியதாயிற்று.

2022 ஜூலை 8 அன்று கனடாவில் ராஜர்ஸ் நிறுவனத்தின் நெட்வொர்க் விழுந்தது. ஒரு கோடிக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். பலரால் 911 என்ற அவசர உதவி எண்ணைக்கூட அழைக்க முடியவில்லை. அவர்களது மேலாண்மை நெட்வொர்க்கும் அதே மைய நெட்வொர்க்கின் மேல்தான் ஓடியது. எனவே என்ன கோளாறு என்று உள்ளே பார்க்கவே பல மணி நேரம் வழியில்லாமல் போயிற்று. ஊழியர்களின் கைப்பேசிகளும் அதே நெட்வொர்க்கில்தான் இருந்தன. ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியாத ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். நாம் திரையில் பார்க்கும் சிவப்புப் புள்ளிக்குப் பின்னால் அப்படி ஒரு வீடு இருக்கலாம்.

இந்த இரண்டிலும் எனக்குத் தெரிகிற பாடம் ஒன்றே. கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே பாதையை நம்பியிருந்தால், எத்தனை போலர் வைத்தாலும் அது பரவலாக்கம் ஆகாது. பத்துக் காவலாளிகளை ஒரே அறையில் வைத்து வெளியே பூட்டியது போலத்தான்.

கூர்க்கா விசில்

அப்படியானால் கண்காணிப்பவரைக் கண்காணிப்பது யார்? நம் தெருக்களில் ராத்திரி கூர்க்கா விசில் ஊதிக்கொண்டு போவார். சத்தம் கேட்டால் நாம் திரும்பிப் படுத்துத் தூங்குகிறோம். நாலு நாள் விசில் கேட்காவிட்டால்தான் "என்னாச்சு?" என்று விசாரிக்கிறோம். இதையேதான் மென்பொருளிலும் செய்ய வேண்டும். எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் ஓர் எச்சரிக்கையை வைத்து, அது வெளியூரில், வேறு பாதையில், வேறு கம்ப்யூட்டரில் போய்ச் சேரும்படி செய்வது. அது நின்றுபோனால் கண்காணிப்பே நின்றுவிட்டது என்று பொருள். புரோமிதியஸ்காரர்கள் இதை ‘வாட்ச்டாக்’ என்று அழைக்கிறார்கள். நாகியோஸில் கிளையிலிருந்து குறித்த நேரத்துக்குள் முடிவு வராவிட்டால் மையமே சந்தேகப்படும் ‘ஃப்ரெஷ்னஸ்’ சோதனை இருக்கிறது. சாதனங்களே விவரத்தை ஓடையாக அனுப்பும் ஜி.என்.எம்.ஐ. என்ற புதிய முறையிலும், மாற்றம் இல்லாவிட்டாலும் இடையிடையே ஒருமுறை சொல் என்று கேட்க வழி வைத்திருக்கிறார்கள். பார்த்தீர்களா, எந்த முறையாக இருந்தாலும் கடைசியில் விசில் தேவைப்படுகிறது!

மூன்றாவது நிறம் ஒன்றும் வேண்டும். பச்சை, சிவப்பு மட்டும் போதாது. நாகியோஸ் ‘விழுந்தது’ என்பதையும் ‘எட்டவில்லை’ என்பதையும் பிரித்துச் சொல்லும். ஒரு லைன் அறுந்தால் அதன் பின்னால் உள்ள 200 சாதனங்களும் செத்ததாக 200 மணி அடிப்பது பொய். இரவுப் பணியில் இருக்கும் அந்த 23 வயதுப் பையன் நிலையை யோசியுங்கள். பத்து நாள் பொய் மணி கேட்டவன், பதினோராம் நாள் உண்மை மணியையும் அமுக்கிவிட்டுப் படுப்பான். அவன்மேல் குற்றமில்லை. ‘தெரியவில்லை’ என்று நேர்மையாகச் சொல்லத் தெரியாத மென்பொருளை வாங்கிக் கொடுத்தவர்கள்மேல்தான் குற்றம்.

எதை எடுப்பது?

ஒரே வளாகம், சில நூறு சாதனம் என்றால் மையப் போலிங்கே போதும். டிராப்பைக் கூடுதலாக வைத்துக்கொண்டு, டிராப் வந்ததும் போலிங் போய்ச் சரிபார்க்கட்டும். சாதனம் அதிகம், ஆனால் லைன் உறுதியானது என்றால் வேலையைப் பங்கிடும் போலர்கள். தொலைவில் கிளைகள், அடிக்கடி அறுகிற லைன் என்றால் சேர்த்து வைக்கத் தெரிந்த ப்ராக்ஸி. கிளையில் உடனே செயல்பட ஆள் இருக்கிறார் என்றால் தீர்ப்பையும் கிளைக்கே கொடுங்கள். எல்லா இடத்திலும் கடிகாரங்களை என்.டி.பி. மூலம் ஒன்றாக ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் எது முதலில் விழுந்தது என்று பிறகு சண்டைதான் வரும். கிளைக் கருவியில் கடவுச்சொற்கள் தங்குகின்றன என்பதால், எஸ்.என்.எம்.பி. மூன்றாம் பதிப்பையே பயன்படுத்துங்கள்.

மாணவச் செல்வங்களே, இதற்கெல்லாம் பெரிய லேப் தேவையில்லை. நான் பெயர் சொன்ன மென்பொருள்களில் இலவசமாக நிறுவக்கூடியவை நிறைய உண்டு. மூன்று பழைய கம்ப்யூட்டரும் ஒரு ஸ்விட்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மையம், ஒன்று ப்ராக்ஸி, ஒன்று சாதனம். முதலில் சாதனத்தின் வயரைப் பிடுங்குங்கள். பிறகு ப்ராக்ஸிக்கும் மையத்துக்கும் நடுவிலுள்ள வயரைப் பிடுங்குங்கள். கடைசியாக மையத்தையே அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் திரை என்ன சொன்னது, எத்தனை நிமிடம் கழித்துச் சொன்னது, சொன்னது உண்மையா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இன்டர்வியூவில் அந்த நோட்டைக் காட்டுங்கள். சர்டிபிகேட்டைவிட அது நன்றாகப் பேசும்.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இன்று மென்பொருள் வாங்கும் கையெழுத்தைப் போடும் இடத்தில் இருக்கிறீர்கள். கையெழுத்துப் போடுமுன் விற்பவரை அழைத்து, அவர் கண்முன்னே ஒரு வயரைப் பிடுங்கச் சொல்லுங்கள். அவருடைய திரை அந்த மௌனத்துக்கு என்ன பெயர் வைக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேனாவைத் திறங்கள்.